முத்தையாபுரம் செக்!

தூத்துக்குடியில் திருச்செந்தூர் பஸ் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் முருகன் வரும்வரை தூங்கிவிடுகிறார்கள். வேண்டாம் சார். முத்தையாபுரம் பக்கம் வந்ததும் கண்ணைத் திறந்து வையுங்கள். இந்த வட்டாரத்து உப்பளங்கள் வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாக, கட்டம் கட்டமாக... எவனோ ஒரு ராட்சஸன் செஸ் போர்டை விரித்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போன மாதிரி இருக்கும்!

ஆபீஸ் வேலையாகப் போன நான் அங்கே இறங்கி ஒரு டீ சொன்னேன். கடை பெஞ்சில், ஹார்பர் லோடுக்குக் காத்திருந்த லாரி டிரைவர் செல்போனில் செஸ் ஆடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கழுத்தில் ஐ.டி. கார்டோடு ஓர் இளைஞர்.

"அண்ணாச்சி, குதிரையைத் தொடாதீய... ராணி போயிரும்!"

தொட்டார். போயிற்று.

இளைஞர் ஒரு ஷிப்பிங் ஏஜென்ஸியில் கிளார்க். வயசு 27. ரேட்டிங் வாங்கிய ஆட்டக்காரர். லீவு கிடைத்தால் எந்த ஊர் போட்டிக்கும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாராம்.

"வீட்ல ஏசுதாவ சார். 'இன்னமும் குதிரை பொம்மையை நகத்திக்கிட்டு இருக்கியேலே, அந்தக் குகேஷ் பயலைப் பாரு'ங்காவ. இந்த வயசுக்கு மேல இதுல நமக்கு என்ன சார் இருக்கு?"

கேள்வி நியாயம்தான். குகேஷ் 2019-ல் கிராண்ட் மாஸ்டர் ஆனபோது வயசு 12. 2024 டிசம்பரில், 18 வயதில், உலக சாம்பியன். வீட்டில் ஏசத்தான் செய்வார்கள்.

ஆனால் அதே 2024-ல் இன்னொரு கதையும் நடந்தது. நாகர்கோவிலில் பிறந்த ஷ்யாம்நிகில். கிராண்ட் மாஸ்டர் பட்டத்துக்கு 2500 ரேட்டிங் வேண்டும். பெரிய போட்டிகளில் அசத்தி மூன்று 'நார்ம்' வாங்க வேண்டும். ரேட்டிங்கும் இரண்டு நார்மும் 2012-லேயே அவர் கைக்கு வந்துவிட்டன. பாக்கி ஒன்றே ஒன்று. அது வர எத்தனை நாளாயிற்று தெரியுமோ? 12 வருஷம்! 2024 மே மாதம், துபாய் போட்டியில், ஒரு வெற்றி, எட்டு டிராவோடு அந்தக் கடைசி நார்ம் கிடைத்தது. வயசு 31. இந்தியாவின் 85-வது கிராண்ட் மாஸ்டர். ஒருவருக்கு 12 வயசு, ஒருவருக்கு 12 வருஷம். பட்டம் ஒன்றுதான்.

உப்பளத்துக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். வெயிலில் விளைந்து நிற்கிற உப்பு, எதிர்பாராத ஒரு மழையில் கரையும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். செஸ்ஸில் வாங்கிய நார்ம் கரையாது. ஆனால் வயசு கரைகிறதே!

"ஜப்பான்ல பிறக்காம தப்பிச்சீங்க தம்பி" என்றேன். அவர்கள் சதுரங்கத்துக்கு ஷோகி என்று பெயர். 81 கட்டம். எதிராளியிடம் பிடித்த காயை நம் பக்கமே சேர்த்துக்கொண்டு மறுபடி களத்தில் இறக்கலாம். (கட்சி மாறுவதை ஆட்டமாகவே வைத்திருக்கிறார்கள்!) அங்கே தொழில்முறை ஆட்டக்காரராக ஒரு பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து ஜெயித்து ஜெயித்து மேலே வர வேண்டும். 26 வயசுக்குள் முடியாவிட்டால் பொதுவாக வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அப்படி 1996-ல் வெளியே வந்தவர் செகாவா ஷோஜி. என்ன செய்வார்? படித்தார், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் ஆட்டத்தை விடவில்லை. அமெச்சூராக ஆடியே தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தார். 2005-ல் "எனக்கு இன்னொரு வாய்ப்பு கொடுங்கள்" என்று மனுப் போட்டார். சங்கம் இறங்கி வந்தது. ஆறு ஆட்டத்தில் மூன்று ஜெயிக்க வேண்டும் என்றார்கள். ஐந்தாவதிலேயே முடித்துவிட்டார். அப்போது அவருக்கு 35!

நம் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதே வருஷம்தான் தமிழ்நாட்டு மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். கடல் கையை விரித்த வருஷம் செஸ் போர்டில் ஒரு முத்து! ஒன்பது முறை தேசிய சாம்பியனான அவர் வங்கி உத்தியோகம் பார்த்தவர். ஷ்யாம்நிகில்கூட ரயில்வே அணிக்காக ஆடியவர். சம்பளம் ஆட்டத்துக்கு எதிரி இல்லை சார். பல பேருக்குப் போட்டிக்கான பஸ் டிக்கெட்டே அதுதான்.

இளைஞர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

"திருநெல்வேலியில போட்டி. வெள்ளி, சனி லீவு வேணும். காரணம்தான் இடிக்குது. பாட்டியை மார்ச்லயே அனுப்பி வெச்சுட்டேன்..."

"செஸ் போட்டின்னே எழுதுங்க."

"மேனேஜர் சிரிப்பாவ சார்."

"சிரிக்கட்டுமே!"

பேனா ஒரு நிமிஷம் தயங்கியது. அப்புறம் எழுதினார். பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு.