காலடிப்பேட்டையில் யானைக்கால்!

காலடிப்பேட்டை என்றதும் ஏதோ மகான் காலடி பட்ட ஊர் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த காலெட் துரை நெசவாளர்களைக் குடிவைத்த பேட்டை. நம்ம வாயில் காலடியாகிவிட்டது! பக்கத்தில் திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகைதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர்.

டயர் ஊர்க்கார இளவட்டத்துக்கு ஜீப்பில் யானைக்கால் சைஸ் 'மட் டயர்' மாட்ட ஆசை வராதா என்ன? பார்க்க ஜோர்தான். அகலமான பள்ளங்கள் சேற்றை உதறித் தள்ளும். ஆனால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் சேறா இருக்கிறது? கன்டெய்னர் லாரி சார்! மழை நனைத்த ரோட்டில் மட் டயருக்குப் பிடிமானம் குறைவு. பிரேக் அடித்தாலும் தள்ளிப்போய்த்தான் நிற்கும். 29 அங்குல டயரைக் கழற்றி 31 போட்டால், முள் 60 காட்டும்போது நிஜ வேகம் 64. அப்படியும் ஆசை விடவில்லையா? ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, டயர் எங்கும் உரசவில்லையே என்று பார்த்தபிறகு பணத்தை எடுங்கள்.