பின்பக்கத்து வீடும் ஒரு அடுப்பும்

திற்பரப்பு என்றதும் எல்லோருக்கும் அருவிதான் ஞாபகம் வரும். பஸ் பிடித்து வருவார்கள், குளிப்பார்கள், மகாதேவர் கோயிலில் கும்பிடுவார்கள், போய்விடுவார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு அருவியைவிடப் பழக்கமானது பாசி. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம். மழைக்காலத்தில் சிமெண்ட் முற்றம்கூடப் பச்சையாகிவிடும்.

அந்தப் பாசியில்தான் 2022 ஜூனில் அந்த அம்மா வழுக்கி விழுந்தார். வயது 74. கணவர் இறந்து ஒன்பது வருஷம். இரண்டாவது மகனின் மாடிவீட்டில் இருந்தார். வீடு பெரிய வீடுதான், ஆனால் கட்டும்போது யாரும் வயதாவதை நினைத்துக் கட்டவில்லை. குளியலறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும், கக்கூஸ் வாசல் இரண்டடி அகலம். இடுப்பு எலும்பு தப்பியது, மணிக்கட்டு உடைந்தது. மஸ்கட்டில் இருந்த மூத்த மகன் போனில், நல்ல முதியோர் இல்லம் ஒன்று நாகர்கோவிலில் இருக்கிறது, பணம் நான் அனுப்புகிறேன் என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனால் அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கிற பழைய ரோலர் புரை ஒன்று இருந்தது. ரப்பர் விலை இறங்கிய பிறகு ஷீட் அடிப்பதை விட்டு, பாலாகவும் ஒட்டுப்பாலாகவும் விற்க ஆரம்பித்துவிட்டதால் அதில் தேங்காய் மட்டையும் பழைய சைக்கிளும்தான் கிடந்தன. அதை இடித்து அங்கே அம்மாவுக்கு ஒரு சின்ன வீடு கட்டலாம் என்பது இளையவரின் யோசனை. ஒரு அறை, ஒட்டினாற்போல் கக்கூஸ், முன்னால் ஒரு திண்ணை. 280 சதுர அடி. காண்ட்ராக்டர் சதுர அடிக்கு 2,300 ரூபாய் சொன்னார். கணக்குப் போட்டால் 6,44,000. கையில் இருந்தது நாலு லட்சம்.

இங்கேதான் லாரி பேக்கர் உதவிக்கு வருகிறார். இங்கிலாந்தில் 1917-ல் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, கடைசியில் திருவனந்தபுரத்தில் நிலைத்து, 2007-ல் இறந்த கட்டடக் கலைஞர். திற்பரப்பிலிருந்து திருவனந்தபுரம் கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் அடிக்கடி போய்வருகிற தூரம். 1956 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடுதானே இருந்தது! பேக்கர் முறையில் வேலை செய்து பழகிய ஒரு கொத்தனாரை அங்கிருந்து கூட்டிவந்தார்கள். செங்கலைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. எலிப்பொறிக் கட்டு என்று பெயர். சுமார் கால்வாசி செங்கல் மிச்சமாகும், உள்ளே காற்று நிற்பதால் வெயிலும் குறையும். உள்ளூர்க் கொத்தனார் எட்டிப் பார்த்து, "ஓட்டையா கெட்டினா சொவரு நிக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நின்றது. கூரைக்கு கான்கிரீட்தான், ஆனால் ஸ்லாபின் அடிப்பகுதி கான்கிரீட் பெரிதாக பாரம் தாங்குவதில்லை, அங்கே இழுவையைத் தாங்குவது கம்பிதான். அதனால் கம்பிகளுக்கு இடையில் பழைய ரோலர் புரையின் ஓடுகளையே வைத்து அடைத்துவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் அம்மாவின் கணவர் வாங்கிப் போட்ட ஓடுகள் தெரியும். புரையின் கருங்கல் அஸ்திவாரத்தையும் விடவில்லை. நாலே கால் லட்சத்தில் முடிந்தது. வாசலில் படி கிடையாது, கதவு மூன்றடி, கக்கூஸில் பிடித்துக்கொள்ள இரண்டு கம்பி, தரையில் வழுக்காத டைல்ஸ்.

எலிப்பொறிக் கட்டு பிரச்சினையே இல்லை. பிரச்சினை வேறு இரண்டு விஷயத்தில் வந்தது.

ஒன்று அடுப்பு. பிளானில் சமையல் மேடை இல்லை. அம்மா பார்த்துவிட்டு, "எனக்க அடுப்பு எங்க மக்களே?" என்றார். மகனுக்குப் புரியவில்லை. சாப்பாடு பெரிய வீட்டிலிருந்து வருமே! மருமகளுக்கு நன்றாகப் புரிந்தது, அதனால்தான் வருத்தம். தனியடுப்பு என்றால் ஊரில் ஒரே அர்த்தம்தான்: மாமியும் மருமகளும் பிரிந்தாச்சு. "மாமிக்கு நான் என்ன கொறை வச்சேன்?" என்று அழுதார். அம்மாவுக்கு வேண்டியிருந்ததோ காலை நாலு மணிக்கு ஒரு கட்டன் சாயா, மற்றவர் தூக்கத்தைக் கெடுக்காமல், யாரையும் கேட்காமல். சோறு பெரிய வீட்டில், சாயா இங்கே என்று முடிவாக மூன்று வாரம் ஆனது. இரண்டடி மேடை, ஒற்றை பர்னர், சிலிண்டர் வெளியே.

இரண்டாவது பத்திரம். 12 சென்ட் நிலம் அம்மா பெயரில் இருந்தது. செலவு செய்யப்போகிற இளையவர், நிலத்தைத் தன் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதித் தரக் கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை, நாளைக்கு அண்ணன் பாகம் கேட்டால்? அம்மா சம்மதித்தார், ஆனால் பத்திரத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னார். ஆயுள் உள்ளவரை அந்தப் பின்பக்கத்து வீட்டில் இருக்கத் தனக்கு உரிமை. தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. பத்திரம் எழுதுபவர் சிரித்தார்: "பெத்த மகன்தானே, அதெல்லாம் எதுக்கு?"

எதற்கென்றால் இதற்குத்தான். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. அதன் 23-ஆம் பிரிவு, கவனித்துக்கொள்ளும் நிபந்தனையோடு சொத்தை வாங்கியவர் கவனிக்காவிட்டால் அந்த மாற்றத்தையே தீர்ப்பாயம் ரத்து செய்யலாம் என்கிறது. ஆனால் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படி ஒரு நிபந்தனை இருந்தது என்று காட்டியாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இது முதியவர்களைக் காக்க வந்த சட்டம், தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. இருந்தாலும் எழுதி வைத்தவருக்கு வாதாட வேண்டிய வேலை குறைவு.

ஜெர்மனி, ஆஸ்திரியா கிராமங்களில் இது பழைய வழக்கம். பண்ணையை மகனுக்குக் கொடுக்கும்போது பெற்றோர் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்குப் போவார்கள். எத்தனை மரக்கால் தானியம், எவ்வளவு பால், எவ்வளவு விறகு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வார்கள். நம்மவர்களுக்குக் கேட்டால் கசக்கும், அம்மாவிடம் கணக்கா என்று! ஆனால் எழுதியிருந்தால் ஒவ்வொரு மாசமும் முகம் பார்த்துக் கேட்க வேண்டாம் அல்லவா.

இளையவருக்கு மனசு கோணியது உண்மை. "என்னைய நம்பலியா அம்மா?" என்று கேட்டார். "உன்னைய நம்புதேன். எனக்கு எழுதி வச்சாத்தான் ஒறக்கம் வரும்" என்றார் அம்மா. ஒரு வாரம் பேச்சில்லை. பிறகு அவரே கூட்டிப்போய் அந்த இரண்டு வரியோடு பதிவு செய்தார். மூத்தவரிடமும் பத்திரத்தைப் படித்துக் காட்டினார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கட்டில் வாங்கப் பணம் அனுப்பினார்.

2024 தை மாசம் அம்மா குடிபுகுந்தார். ராத்திரி ஏதாவது ஆகிவிட்டால் என்று மருமகளுக்குப் பயம். கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச், பெரிய வீட்டில் அது அடிக்க ஒரு பெல் வைத்தார்கள். நாலு மாசம் கழித்து ஒரு சாயங்காலம் அந்த பெல் முதல் தடவையாக அடித்தது. மருமகள் ஈரக்கையோடு ஓடினார், பின்னாலேயே பிள்ளைகள். அம்மா அடுப்புப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். மரச்சீனிக் கிழங்கு வெந்துவிட்டதாம், காந்தாரி மிளகு அரைக்க மட்டும் கை வரவில்லையாம்.