ஆட்சேபணை இல்லை!

‘ஏங்க, ஒரு கையெழுத்து வேணுமே’ என்றாள் மனைவி. பெண்ணின் ரேங்க் கார்டாக இருக்கும் என்று உடனே பேனாவை எடுத்தேன். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் வீட்டு லோன் பத்திரம் அப்படி வந்ததுதான்.

இந்த முறை படிக்கவும் ஒன்றுமில்லை. நீட்டிய பேப்பர் வெள்ளையாக இருந்தது.

‘நீங்கதான் எழுதணும். நானும் பாப்பாவும் கனடா போறதுல உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு.’

விஷயம் இதுதான். டொரான்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் என் மச்சினன் வீடு வாங்கியிருந்தான். தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு தமிழ்க் கடையின் வாசலில்தான் விழ வேண்டும் என்கிற மாதிரி பேட்டை. 2024 மே மாதம் கிரகப்பிரவேசம். அக்காவுக்கும் எட்டு வயது மருமகளுக்கும் அவனே டிக்கெட் எடுப்பதாகச் சொல்லிவிட்டான். ‘அத்தான், உங்களுக்கும் சேர்த்துப் போட்டுடறேன்’ என்றான். ‘இல்ல மாப்ளே, தலைக்கு மேல வேலை’ என்றேன். வேலை இல்லாதவனுக்குத்தான் இதைச் சொல்ல இத்தனை அவசரம். அதற்கு முந்தைய வருஷம்தான் ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு எழுதிப் பிழைக்கக் கிளம்பியிருந்தேன். ராஜினாமாக் கடிதம் கொடுத்த பிறகுதான் மனைவியிடம் சொன்னேன். அவள் சம்பளத்தில்தான் லோன் ஓடுகிறது.

குழந்தை அப்பா, அம்மா இருவரில் ஒருவரோடு மட்டும் போனால், மற்றவர் ஒரு சம்மதக் கடிதம் தர வேண்டும் என்கிறது கனடாவின் குடிவரவுத் துறை. கடிதம் இங்கிலீஷிலோ பிரெஞ்சிலோ இருந்தால் நல்லது. தருகிறவரின் விலாசம், போன் நம்பர், கையெழுத்து வேண்டும். கூடவே குழந்தையின் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் நகல், கடிதம் தருகிறவரின் பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை நகல். பாட்டி, சித்தப்பா என்று வேறு யாரோடாவது குழந்தை போனால் பெற்றோர் இரண்டு பேருமே எழுதித் தர வேண்டும். தென்னாப்பிரிக்கா இதில் இன்னும் ஒரு படி மேலே போய் 2015 ஜூன் 1-லிருந்து ரொம்பக் கறாராக இருந்தது. டூரிஸ்டுகள் அலுத்துக்கொள்ள, 2019-ல் வெளிநாட்டுக் குழந்தைகளுக்குக் கொஞ்சம் தளர்த்தினார்கள். (நீங்கள் பேச்சுலராக இருந்தாலும் இந்தப் பாராவைக் கிழித்து பீரோவில் வையுங்கள். ஒருநாள் உதவும்.)

நமக்கும் இது புதிதில்லை. பெண்ணுக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோதே ‘அனெக்ஷர் டி’ என்று ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஒருவர் சம்மதம் கிடைக்காத நிலைமையில் ‘அனெக்ஷர் சி’ இருக்கிறது. புருஷன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாத எத்தனையோ பெண்களுக்கு அந்த ஒரு எழுத்துதான் கதி. 2016 டிசம்பரில் விதிகளை மாற்றியதிலிருந்து இதற்கெல்லாம் நோட்டரி தேவையில்லை. வெள்ளைத் தாளில் நாமே எழுதிக் கொடுத்தால் போதும்.

ஆக, எழுதுவதில் என்ன கஷ்டம்? நான் பி.காம். பிசினஸ் கரெஸ்பாண்டன்ஸ் பேப்பரில் அறுபத்தெட்டு வாங்கியவன். ‘ஐ ஹாவ் நோ அப்ஜெக்ஷன்’ என்று நாலு வார்த்தை எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. மூன்று நாள் நகரவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வாரம் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது, பால்கனியில் அவள் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தாள். ‘இங்கே ஸ்கூலெல்லாம் நல்லா இருக்குக்கா. நீயும் இங்க ஒரு வேலை தேடேன்’ என்று அவன் ஸ்பீக்கரில் சொல்ல, இவள் ‘பார்க்கலாம்டா’ என்றாள்.

பார்க்கலாம்டா.

தமிழில் இந்த வார்த்தைக்கு ‘முடியாது’ என்றும் அர்த்தம் உண்டு, ‘முடிவு பண்ணிட்டேன்’ என்றும் அர்த்தம் உண்டு. நாளைக்கு உன்னோடு புடவைக் கடைக்கு வருகிறேனா என்று கேட்டால் நான் சொல்லும் ‘பார்க்கலாம்’ முதல் வகை. இது எந்த வகை? கேட்டுவிடலாம்தான். கேட்டால், ‘வேலையை விடறதுக்கு முன்னாடி நீங்க என்னைக் கேட்டீங்களா?’ என்று வரும். எனவே தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

தூக்கம் வராத ராத்திரிகளில்தான் இந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருக்கிற உலக அரசியலெல்லாம் படித்தேன். 1980-ல் ஹேக் நகரத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். தாயோ தகப்பனோ, மற்றவருக்குத் தெரியாமல் குழந்தையை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், குழந்தையைச் சீக்கிரம் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். யாரிடம் வளர வேண்டும் என்பதை அந்த ஊர்க் கோர்ட் பார்த்துக்கொள்ளும். 1983 டிசம்பரில் அது அமலுக்கு வந்தபோதே கனடா உள்ளே இருந்தது. நூறு நாடுகளுக்கு மேல் சேர்ந்தாகிவிட்டது. இந்தியா சேரவில்லை. வெளிநாட்டில் புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு ஓடி வருகிற பெண்ணையும் இந்தச் சட்டம் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுமே என்பது இங்கே சொல்லப்படும் முக்கியமான ஆட்சேபம்.

இந்தப் பக்கமும் நியாயம், அந்தப் பக்கமும் நியாயம்.

நம் ஊரில் ரொம்ப நாள் வரைக்கும் அம்மாக்களின் கையெழுத்தை யாரும் கேட்டதே இல்லை, தெரியுமா? 1956-ஆம் வருஷத்து இந்து மைனர் சட்டப்படி குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் அப்பா. ‘அவருக்குப் பிறகு’ அம்மா. எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். அப்பா கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. ‘பிறகு’ என்றால் அப்பா செத்த பிறகு என்று அர்த்தமில்லை, அப்பா அந்தப் பொறுப்பில் இல்லாதபோது என்றும் அர்த்தம் என்று 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கண்டுபிடிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கே இத்தனை நாள் என்றால், ‘பார்க்கலாம்டா’வுக்கு நான் எம்மாத்திரம்?

மூன்றாம் நாள் ராத்திரி அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ‘என்னடா அது பேப்பர்?’

சொன்னேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு வார்த்தையையும் பார்த்தாள். பிறகு, ‘அன்னிக்கு எவனாவது இப்படி ஒரு பேப்பர் கேட்டிருந்தான்னா நாம திண்டிவனம் தாண்டியிருக்க மாட்டோம்டா’ என்றாள்.

1996. நான் மூன்றாம் வகுப்பு. அம்மாவின் நாலு வளையல்களை விற்று, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டிருந்தார் அப்பா. அந்தக் கம்பெனி ஒருநாள் பூட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம் அப்பா ஆபீஸிலிருந்து வருவதற்குள் அம்மா என்னை இழுத்துக்கொண்டு பாரிமுனைக்குப் போய் நாங்குநேரி வழியாகப் போகிற திருவள்ளுவர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். என்னைப் பற்றிக் கண்டக்டர் கேட்டது ஒரே கேள்வி: ‘பையனுக்கு என்ன வயசு?’ அரை டிக்கெட். அதோடு சரி. அப்பாவின் சம்மதம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

தாத்தா வீட்டில் நாற்பது நாள். ஊர்க் குளம், மாங்காய், பள்ளிக்கூடம் கிடையாது. எனக்கு ஜாலிதான். ராத்திரி மட்டும், அப்பா ஏன் வரவில்லை, நான் வேண்டாமா என்று தோன்றும். நாற்பத்தோராம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. நான்தான் போய்ப் பழத்தை வாங்கிக்கொண்டேன்.

‘அந்த மனுஷன்கிட்ட கேட்டிருந்தா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். நானும் கேட்டிருக்க மாட்டேன்’ என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, ‘ஆனா மூணு நாள் எங்க போனோம்னே தெரியாம, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சிருக்கார். அது தெரிஞ்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஒரு சீட்டாவது எழுதி வெச்சுட்டு வந்திருக்கலாம்’ என்றாள்.

அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த மூன்று நாள் கதையை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

மறுநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு கோர்ட் வாசலுக்குப் போனேன். நோட்டரி கட்டாயமில்லை, சீல் இருந்தால் கேள்வி குறையும் என்று மச்சினன் சொல்லியிருந்தான். டைப் அடிக்கிற பையன் நான் எழுதியதை வாங்கிப் பார்த்து, ‘பேபி ஃபர்ஸ்ட் பார்ட்டியா, செகண்ட் பார்ட்டியா சார்?’ என்றான். நோட்டரி வக்கீல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘டைவர்ஸ் ஆயிடுச்சா?’ என்று கேட்டார்.

‘இன்னும் இல்ல சார்’ என்றேன்.

மனைவி திரும்பிப் பார்த்த பார்வையை நோட்டரி அட்டெஸ்ட் பண்ணியிருக்கலாம்.

முத்திரை குத்தப் போகும்போது, ‘ஒரு நிமிஷம் சார்’ என்று பேப்பரை வாங்கிப் படித்தாள். நிதானமாக, வரி வரியாக. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஜாதி அவள்.

‘போற தேதி மே 4-ன்னு போட்டிருக்கீங்க. திரும்பி வர்ற தேதி எங்கே?’

தொண்டையைக் கனைத்தேன். ‘அது... தெரியலை. நீ எதுவும் சொல்லலையே.’

‘நீங்க கேட்கலையே’ என்றாள். நோட்டரியை மறந்து என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எதைப் புரிந்துகொண்டாளோ தெரியாது. டைப் பையனிடம் திரும்பி, ‘தம்பி, ஜூன் 2 ரிட்டர்ன்னு சேர்த்துடுங்க’ என்றாள். பிறகு என்னிடம், கொஞ்சம் தணிந்த குரலில், ‘அடுத்த வேலையை விடறதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஒரு லெட்டர் எனக்கும் வேணும். நோட்டரியெல்லாம் வேண்டாம்’ என்றாள்.

மே 4. சென்னை ஏர்போர்ட்டில் அந்தக் கடிதத்தை யாரும் சீந்தவில்லை. டொரான்டோவில் இறங்கியதும் போன் வந்தது. அங்கே கவுன்டரில் இருந்த அம்மாள் கடிதத்தை முழுக்கப் படித்தாளாம். பிறகு குனிந்து பெண்ணிடம், ‘உன் அப்பா எங்கே?’ என்று கேட்டாளாம். ‘வீட்ல இருக்கார்’ என்றிருக்கிறது. ‘என்ன வேலை பார்க்கிறார்?’ ‘வீட்லதான் இருக்கார்.’

‘ரைட்டர்னு சொல்லியிருக்கலாம்ல’ என்றேன்.

‘சொல்லிக் குடுத்துத்தான் கூட்டிட்டு வந்தேன்’ என்றாள் மனைவி.

போனை வைத்தபோது பால்காரர் பெல் அடித்தார். ஊருக்குப் போயிருக்கிறார்கள், இனிமேல் அரை லிட்டர் போதும் என்றேன்.

‘எது வரைக்கும் சார்?’

‘ஜூன் 2’ என்றேன்.