'நாம்' என்று சொல்லித் திரிந்த இரண்டு ஆண்டுகள்

சற்றே நீண்ட பதிவு; பொறுத்தருள்க.

மொழியியல் முதுகலையின் இறுதியாண்டில் இருக்கும் தம்பி தங்கையர் சிலர் அண்மையில் உள்பெட்டியில் ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்தனர்: 'முனைவர் பட்டத்திற்கு முன்பு மேலாண்மை ஆலோசனை நிறுவனம் ஒன்றில் இருந்தீர்களாமே, அக்கா? நாங்களும் போகலாமா? நீங்கள் ஏன் விட்டு வந்தீர்கள்?' ஒவ்வொருவருக்கும் 'பிறகு எழுதுகிறேன்' என்று மறுமொழியிட்டுத் தப்பித்து வந்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

போனதற்கான காரணம் எளிது: கல்விக்கடன். மொழியியல் படித்தவளை அவர்கள் எடுத்ததற்கான காரணமும் எளிதுதான். தொழிற்சாலைகளில் பலரிடம் பேசி, பேசியதைத் தொகுத்து, வகைப்படுத்தித் தர ஓர் ஆள் வேண்டியிருந்தது. நேர்காணல், குறியீடு, வகைப்பாடு ஆகிய மூன்றும் நமக்குப் பழக்கமானவை. 2022 ஜூலை முதல் 2024 ஜூன் வரை அந்த வேலையில் இருந்தேன்.

வெளியிலிருந்து பார்ப்போர் விமானத்தையும் விடுதியையும் பார்க்கிறார்கள். உள்ளே அது இவ்வாறு இருக்கும். திங்கட்கிழமை அதிகாலை மூன்றேகாலுக்கு அலாரம். பெங்களூரு நகரிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் வரை டாக்சியில் அரைத்தூக்கம். முதல் விமானத்தில் புனே; அங்கிருந்து சாக்கன் தொழிற்பேட்டை. வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கும் அந்தச் சாலையில் சரக்கு லாரிகளுக்கிடையே ஊர்ந்து செல்வதே ஒரு பயணம். வியாழன் இரவு திரும்புதல்; வெள்ளி அலுவலகம்; ஞாயிறு மாலை மீண்டும் பெட்டி கட்டுதல். விடுதி அறைகள் யாவும் ஒன்றுபோலவே இருப்பதால், நள்ளிரவில் விழித்து, போன வாரத்து அறையின் சுவரில் இருந்த விளக்கு சுவிட்சை இந்த வாரத்து அறையின் சுவரில் தடவியிருக்கிறேன். இரவு பத்தரைக்கு மேல் சமையலறையில் மிச்சமிருப்பது பருப்புக் கிச்சடி மட்டுமே என்பதால், இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலான இரவுகளில் அதையே உண்டேன். அம்மா தொலைபேசியில் 'இப்போ எந்த ஊர்ல இருக்கே?' என்று கேட்டுவிட்டுத்தான் 'சாப்பிட்டியா?' என்று கேட்பார்.

கற்றவையும் உண்டு, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. அன்று கேட்டதை அன்றிரவே எழுதி முடிக்கும் பழக்கம் அங்கு வந்தது. முடிவை முதலில் சொல், சான்றுகளை அதன்கீழ் அடுக்கு என்னும் ஒழுங்கும் அங்கு கற்றதே. பார்பரா மின்டோ வகுத்த 'பிரமிட்' முறை ஆலோசனைத் துறையில் ஏறத்தாழ இலக்கணம்போல் பயிலப்படுகிறது. நம் ஆய்வேடுகளில் நாற்பது பக்கம் கடந்தும் ஆய்வாளர் என்ன சொல்ல வருகிறார் என்பது தெரிவதில்லை. அந்தக் குறையை என் எழுத்தில் ஓரளவு களைந்துகொண்டேன். வகைப்பாடு ஒன்றோடொன்று கலக்கவும் கூடாது, எதையும் விட்டுவிடவும் கூடாது என்னும் விதியையும் நாள்தோறும் ஓதுவார்கள். ஒலியன் பகுப்பாய்வு படித்தவருக்கு அது புதிதன்று.

ஆனால் விதி அறிந்திருந்தும் வகைகள் நம்மை ஏமாற்றும். பிரஸ் ஷாப்பில் ஸ்டாப்வாட்சுடன் நின்று, தொழிலாளர் ஒருவரின் ஒவ்வொரு நிமிடத்தையும் மூன்று குறியீடுகளில் ஒன்றாகப் பதிய வேண்டும்: இயக்கம், நகர்வு, காத்திருப்பு. டை மாற்றிய பிறகு மூத்த தொழிலாளர் ஒருவர் முதல் ஐந்தாறு தகடுகளைக் கையிலெடுத்து, சும்மா நிற்பதுபோல் நிற்பார். 'காத்திருப்பு' என்று இரண்டு நாள் பதிந்தேன். மூன்றாம் நாள் அருகே சென்று பார்த்தபோதுதான் தெரிந்தது: தகட்டின் ஓரத்தில் பிசிர் இருக்கிறதா என்று கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜப்பானியத் தொழிற்சாலை மரபிலிருந்து வந்த ஏழு வீண்களின் பட்டியலில் காத்திருப்பும் ஒன்று. நான் இரண்டு நாள்களாக அவருடைய திறமையை வீண் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். பதிவைத் திருத்தினேன். இது திருத்தக்கூடிய பிழை.

திருத்த முடியாதது வேறு.

அந்தத் தொழிற்சாலையில் எங்கள் பணி எட்டு வாரம். டை மாற்ற ஆகும் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஷிகியோ ஷிங்கோ வகுத்த முறைதான் அடிப்படை: இயந்திரம் நின்றால் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது, அது ஓடும்போதே செய்து வைக்கக்கூடிய வேலை எது என்று பிரித்து, முன்னதை இயன்றவரை பின்னதாக மாற்றுவது. கேட்க எளிது. ஆனால் எதை மாற்றலாம் என்பது அந்த இயந்திரத்தோடு இருபது ஆண்டுகள் வாழ்ந்தவருக்கே தெரியும். எனவே முதல்நாள் கூட்டத்தில் என் மேலாளர் என்னைப் பேசச் சொன்னார். எனக்குத் தெரிந்த இந்தியில், 'ஹம் மில்கர் கரேங்கே' என்றேன். நாம் சேர்ந்து செய்வோம்.

மக்கள் நம்பினார்கள். குறிப்பாக, ஐம்பது வயது கடந்த மராட்டிய சூப்பர்வைசர் ஒருவர். ஒவ்வொரு டையும் வெவ்வேறு உயரத்தில் இருப்பதால்தான் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு போல்ட் தேட வேண்டியிருக்கிறது. அடியில் தகடு வைத்துப் பற்றவைத்து எல்லாவற்றையும் ஒரே உயரமாக்கிவிட்டால் ஒரே போல்ட் போதும் என்றார். கிரேனுக்காகக் காத்திராமல் அடுத்த டையை ட்ராலியில் முன்கூட்டியே கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தலாம் என்றார். பழைய டைரித் தாளில் வரைந்தும் காட்டினார். எட்டாவது வாரத்தில் 52 நிமிடம் 19 நிமிடமாகக் குறைந்தது. அந்தக் குறைவில் பெரும்பகுதி அவருடைய டைரித் தாளிலிருந்து வந்தது.

நேரம் மிச்சமானால் என்ன ஆகும்? மூன்று ஷிப்டில் செய்த உற்பத்தியை இரண்டு ஷிப்டிலேயே முடிக்கலாம். அந்த வரிசையின் இரவு ஷிப்டில் பதினொரு ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தனர். அவர்கள் ஒப்பந்ததாரரின் கணக்கில் இருப்பவர்கள். ஆலையின் பேரேட்டில் மாறும் செலவு. அவர்களை யாரும் வேலைநீக்கம் செய்ய வேண்டியதில்லை. அடுத்த மாதம் அழைக்காமல் இருந்தால் போதும்.

இது எனக்கு ஐந்தாம் வாரமே தெரியும். மேலாளரின் எக்செல் கோப்பில் அந்த வரி இருந்தது. ஆறாம் வாரத்திலும் நான் இயந்திரத்தருகே நின்று, 'வேறு ஏதும் யோசனை இருக்கிறதா? ஹம் அவ்ர் க்யா கர் சக்தே ஹை?' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பதினொருவரில் இருவர் யோசனை சொன்னார்கள். எழுதிக்கொண்டேன்.

இறுதி விளக்கக்காட்சியில் சூப்பர்வைசரின் பெயரைச் சேர்க்க விரும்பினேன். மேலாளர் கெட்டவர் அல்லர். சலிப்போடுதான் சொன்னார்: 'ஒருவர் பெயர் போட்டால் எல்லார் பெயரும் போட வேண்டும்.' ஸ்லைடில் எழுதப்பட்டது இதுதான்: டை மாற்ற நேரம் குறைக்கப்பட்டது, பதினொரு பணியிடங்கள் சீரமைக்கப்பட்டன. இரண்டும் செயப்பாட்டுவினை. முதல் வாக்கியத்தில் யோசித்தவர் இல்லை. இரண்டாவதில் முடிவெடுத்தவர் இல்லை. எழுதியவள் நான்.

கடைசி நாள் விடைபெறப் போனேன். செய்தி அதற்குள் தளத்திற்கு வந்திருந்தது. சூப்பர்வைசர் தேநீர் வரவழைத்தார். கோபமாகப் பேசவில்லை. இந்தியில் கேட்டார்: 'முதல் நாள் ஹம் என்றீர்களே மேடம், அது எந்த ஹம்? ஆபணா, ஆம்ஹியா?'

மொழியியல் படித்தோர்க்கு இது உடனே விளங்கும், மற்றவர்க்காகச் சொல்கிறேன். தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. இலக்கணத்தில் உளப்பாடு என்போம். தெலுங்கில் மனம், மேமு. மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள். மராத்தி இந்தோ-ஆரிய மொழியாயினும் அதிலும் ஆபண், ஆம்ஹி என்று இந்த வேறுபாடு உண்டு, குஜராத்தியிலும் உண்டு. திராவிட மொழிகளோடு கொண்ட நெடுங்காலத் தொடர்பின் விளைவு அது என்பது அறிஞர் பலர் கொள்ளும் கருத்து. பொது இந்தியின் 'ஹம்' இவ்வேறுபாட்டைக் காட்டாது. ஆங்கிலத்தின் 'வீ'யும் காட்டாது. இந்தி அவருக்கும் தாய்மொழியன்று, எனக்கும் அன்று. இருவர் மொழியிலும் இருந்த வேறுபாடு, நாங்கள் பேசிக்கொண்ட மொழியில் இல்லை. அந்த இல்லாமையில்தான் நான் எட்டு வாரம் ஒளிந்திருந்தேன்.

தமிழர்களாகிய நாமும் 'நம்ம வீட்டுக்கு வாங்க' என்று விருந்தினரிடம் சொல்கிறோம். வீடு நம்முடையது, அவருடையதன்று. அந்த உளப்படுத்தல் உபசாரம், அதனால் எவருக்கும் இழப்பில்லை. தொழிற்சாலையில் நான் சொன்ன 'நாம்' உபசாரமாகக் கேட்கப்படவில்லை. வாக்குறுதியாகக் கேட்கப்பட்டது. அதை நம்பித்தான் டைரித் தாள் கிழிக்கப்பட்டது.

அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். தேநீரைக் குடித்துவிட்டு 'ஆம்ஹி' என்றேன். அவர் தலையசைத்தார்.

பின்னர் ஃபிரெடரிக் டெய்லரைப் படித்தேன். 1911இல் வெளிவந்த அவருடைய அறிவியல்முறை மேலாண்மை நூலே இந்தத் துறையின் தொடக்கங்களுள் ஒன்று. பெத்லஹேம் உருக்காலையில் ஒரு நாளைக்கு 12.5 டன் இரும்பு சுமந்தவர்களை 47.5 டன் சுமக்கவைத்த கதை அதில் வருகிறது. கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலி இரண்டு மடங்குகூட இல்லை. மேலாண்மை வரலாற்றாசிரியர்கள் இந்தக் கணக்கை நிறைய விவாதித்திருக்கிறார்கள். என் கண் நின்றது வேறிடத்தில். அந்தத் தொழிலாளிக்கு டெய்லர் 'ஷ்மிட்' என்று புனைபெயர் இடுகிறார். உண்மைப் பெயர் ஹென்றி நோல். தம் பேச்சைச் செம்மையான ஆங்கிலத்தில் எழுதும் டெய்லர், அவர் பேச்சை மட்டும் ஜெர்மானிய உச்சரிப்புத் தெரியும்படி எழுத்துகளைச் சிதைத்து எழுதுகிறார். ஒருவருக்கு மொழி, மற்றவருக்குக் கொச்சை. எங்கள் அறிக்கைகளில் நாங்கள் அதைக்கூடச் செய்யவில்லை. தொழிலாளியின் பேச்சையே எடுத்துவிட்டோம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். போகலாமா? கடன் இருந்தால் போங்கள். நான் போனதற்காக வருந்தவில்லை, கடன் அடைந்தது. டை மாற்ற நேரம் குறைவதும் தீமையன்று. கனமான போல்ட்டுகளைத் தேடி அலைந்த முதுகுகளுக்கு அது நன்மையே. ஒன்று மட்டும் சொல்வேன். வாயில் 'நாம்' வரும்போதெல்லாம், விளைவு வரும் நாளில் அதற்குள் நீங்கள் இருப்பீர்களா என்று பாருங்கள். நான் வியாழன் இரவு விமானத்தில் இருந்தேன்.

விட்டு வந்ததால் தப்பிவிட்டேன் என்றும் நினைக்க வேண்டாம். இப்போது ஐதராபாத்தில், தொழிற்பேட்டைகளில் பல மொழியினர் கலந்து பேசும் இந்தியை ஆய்கிறேன். பட்டான்செருவில் களப்பணி. ஆய்வு தொடங்கியபோது நான் எழுதிய ஒப்புதல் படிவத்தின் முதல் வரியைச் சென்ற ஆண்டு மீண்டும் படித்தேன்: 'ஹம் ஆப்கி பாஷா கே பாரே மே மில்கர் கோஜ் கரேங்கே.' உங்கள் மொழியைப் பற்றி நாம் சேர்ந்து ஆராய்வோம். நிறுவனம் மாறியிருந்தது; 'ஹம்' மாறவில்லை. பட்டம் எனக்கு, கட்டுரையில் பெயர் எனக்கு, அவர்களுக்கு இரவு ஷிப்ட் முடிந்த களைப்பில் ஒரு மணி நேரம் போகும்.

படிவத்தைத் திருத்தி எழுதினேன். 'நான் இதைச் செய்வேன். நீங்கள் இதைச் செய்வீர்கள். எனக்கு இது கிடைக்கும். உங்களுக்கு ஒலிப்பதிவின் பிரதி கிடைக்கும், வேறெதுவும் கிடைக்காது.' என் நெறியாளர் படித்துவிட்டு, 'இப்படி எழுதினால் யார் ஒப்புவார்கள்?' என்றார்.

பழைய படிவத்திற்கு எவரும் மறுத்ததில்லை. புதிய படிவத்தை இதுவரை ஒன்பது பேரிடம் படித்துக் காட்டியிருக்கிறேன், நால்வர் மறுத்துவிட்டனர். தரவு குறைவுதான். ஆய்வேட்டின் நான்காம் இயல் தாமதமாகிறது.

அந்தச் சூப்பர்வைசர் ஆண்டுதோறும் கணபதி விழாவிற்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்துப்படம் அனுப்புகிறார். நானும் அனுப்புகிறேன். அந்தப் பதினொருவர் என்ன ஆனார்கள் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இந்த ஆண்டு கேட்க வேண்டும்.