உரிமையாளர் தேவை!

'முதலாளி' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன்னே யார் யாரோ வந்து நிற்கிறார்கள். பஸ் முதலாளி, மில் முதலாளி, அரிசி மண்டி முதலாளி! அந்த வரிசையில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். என் பெயரில் உள்ள ஒரே சொத்து ஒரு மிதிவண்டி. அதற்கும் மணி இல்லை. ஆயினும் நண்பர்களே, கடந்த இரண்டு ஆண்டுகளாக அமெரிக்க நாட்டின் செயிண்ட் லூயிஸ் நகரத்துப் பேஸ்பால் அணி ஒன்றுக்கு நானே உரிமையாளன். என் அணியில் ஆடுகிறவர்கள் எல்லாரும் நம் தாத்தாக்களுக்கு மூத்தவர்கள்!

இதென்ன விந்தை என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன். பேஸ்பால் என்பது கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம். ஒருவர் பந்தை வீசுவார். மற்றவர் மட்டையால் அடித்துவிட்டு ஓடுவார். ஒன்பது இன்னிங்ஸ். பத்து முறை மட்டை பிடிப்பவர் மூன்று முறை நன்றாக அடித்துத் தளம் சேர்ந்துவிட்டால் போதும், அவர் சிறந்த ஆட்டக்காரர். ஏழு முறை தோற்பவரையும் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற விளையாட்டு அது! 1876இல் நேஷனல் லீக் தொடங்கிய நாள்முதல் யார் எத்தனை அடித்தார், எத்தனை முறை ஆட்டமிழந்தார் என்று அந்நாட்டினர் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் நான் சொல்லவந்த விளையாட்டு.

1951இல் ஏ.பி.பி.ஏ. என்ற அட்டை விளையாட்டு அங்கே வெளிவந்தது. 1961இல் ஹால் ரிச்மன் என்பவர் 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' என்ற விளையாட்டை வெளியிட்டார். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. அதில் அவருடைய உண்மையான கணக்குக்கு ஏற்ற விடைகள். மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். ஒரு பகடையில் 1, 2, 3 விழுந்தால் மட்டைக்காரரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் பந்து வீசுபவரின் அட்டையை. மற்ற இரு பகடைகளின் கூட்டுத்தொகை விடையைச் சொல்லும். ஊருக்கு ஒருவராக இருந்தவர்கள் அஞ்சல் வழியே லீக் அமைத்து ஆடினார்கள். பிறகு கணினி வந்தது. 1999இல் வெளிவந்த 'அவுட் ஆஃப் தி பார்க்' என்ற கணினி விளையாட்டில் பழைய ஆண்டுகளையும் ஆடலாம். பல நாட்டவரும் இணையத்தின் வழியே ஒரே லீக்கில் சேரலாம். அதைப் படைத்தவர் மார்க்கஸ் ஹைன்சன். அமெரிக்கர் அல்லர், ஜெர்மானியர்! அயலவனாகிய எனக்கு இச்செய்தி பெரிய ஆறுதல்.

நான் வரலாற்றுத் துறை மாணவன். இரண்டாம் ஆண்டில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றி வகுப்பில் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தது. அதற்காக ஜாக்கி ராபின்சனைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அறிவிப்பு கண்ணில் பட்டது: "உரிமையாளர் தேவை. 16 அணிகள். நாங்கள் 1938ஆம் ஆண்டை முடித்திருக்கிறோம். கட்டணம் இல்லை." 1938ஐ முடித்திருக்கிறார்களாம்! அந்த ஒரு வரிக்காகவே எழுதிப் போட்டேன். மறுநாளே பதில் வந்தது. செயிண்ட் லூயிஸ் பிரவுன்ஸ் என் கைக்கு வந்தது.

பிரவுன்ஸ் அணியின் பெருமையைக் கேளுங்கள். உண்மை வரலாற்றில் 1935ஆம் ஆண்டு முழுவதும் அவர்கள் மைதானத்துக்கு வந்த பார்வையாளர்கள் 80,922 பேர்தாம். 1939இல் 43 ஆட்டங்களில் வென்று 111 ஆட்டங்களில் தோற்றார்கள். 1951இல் அணியை வாங்கிய பில் வீக் என்பவர், ஆகஸ்டு 24ஆம் நாள் ஓர் ஆட்டத்தை ரசிகர்களிடமே ஒப்படைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் 'ஆம்', 'இல்லை' என்று எழுதிய அட்டைகளைத் தூக்கிக் காட்டி, அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்தார்கள். அன்று பிரவுன்ஸ் வென்றது! ஆனால் அந்த ஆண்டு மொத்தத் தோல்வி 102. 1954இல் அணி பால்டிமோர் நகருக்கே குடிபெயர்ந்துவிட்டது.

எங்கள் லீக்கிலும் பிரவுன்ஸ் கடைசி இடத்தில்தான் கிடந்தது. பழைய உரிமையாளர் ஆட்ட வரிசையை அனுப்புவதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஆனால் எங்கள் விதி ஒன்று உண்டு: கடைசியில் நிற்கும் அணிக்கே புதிய ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் முதல் உரிமை. ஒவ்வொருவரும் உண்மையில் எந்த ஆண்டில் ஆட வந்தாரோ அதே ஆண்டில் எங்கள் பட்டியலுக்கும் வருவார். 1939இல் வந்தவர் யார் தெரியுமா? பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காக முதல் ஆண்டிலேயே 0.327 சராசரியும் 31 ஹோம் ரன்னும் எடுத்த டெட் வில்லியம்ஸ்! எங்கள் உலகில் அவர் பிரவுன்ஸுக்கு வந்துவிட்டார்.

வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு இரண்டு ஆட்டங்கள். அங்கே இரவில் லீக் தலைவர் கணினியில் ஆட்டத்தை ஓட்டுவார்; இங்கே பொழுது விடியும்போது முடிவு கைப்பேசிக்கு வந்துவிடும். பல் துலக்கக் குழாயடிக்கு வரும்போதே விடுதி நண்பர்கள் கேட்பார்கள்:

"என்ன முதலாளி, உங்க டீம் ஜெயிச்சுதா?"

"ரெண்டுலயும் தோத்துப் போச்சுடா."

"சம்பளத்தக் குறைங்க முதலாளி!"

வில்லியம்ஸ் வந்தும் அந்தப் பருவத்தில் எட்டு அணிகளில் ஏழாம் இடந்தான். ஆனாலும் கடைசி இடத்திலிருந்து ஒரு படி ஏறியதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இப்போது நான் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன். இத்தகைய லீக்குகள் கணினிக் கோளாறால் அழிவதில்லை. ஆளில்லாமையால் அழிகின்றன. ஒருவருக்கு வேலை மாறுகிறது. ஒருவருக்குக் குழந்தை பிறக்கிறது. ஒருவருக்குத் தோற்றுத் தோற்றுச் சலித்துப் போகிறது. அவர் சொல்லாமல் நின்றுவிடுகிறார். ஆளில்லா அணியைக் கணினி ஆடும். அதை யார் வென்றாலும் வென்றதாகத் தோன்றாது. எதிரில் மனிதன் இருந்தால் அல்லவா வெற்றிக்குச் சுவை? ஓர் அணி காலியானால் இன்னொருவருக்கும் ஆர்வம் குறையும். மூன்று காலியானால் லீக் நின்றுவிடும். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தை முதலில் விடுபவன், தன் ஒருவன் கைதானே என்று நினைத்துக்கொள்கிறான். அப்படி நாலு பேர் நினைத்தால் தேர் நடுத்தெருவில் நின்றுவிடும்.

நான் சேர்ந்து ஓராண்டு ஆனதும், புதிய உரிமையாளர்களைச் சேர்க்கும் பணியைத் தலைவர் என்னிடம் கொடுத்தார். "பேஸ்பால் அறிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, எனக்கு ஏன் ஐயா?" என்று கேட்டேன். "ஒன்றும் தெரியாமல் வந்து சேர்வது எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத்தான் இன்னும் நினைவிருக்கிறது" என்று எழுதினார். அப்போது பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணி காலியாக இருந்தது. பிரவுன்ஸ் விட்ட கடைசி இடத்தை அதுதான் பிடித்துக்கொண்டிருந்தது!

பழைய அறிவிப்புகளை எடுத்துப் பார்த்தேன். வெற்றி, கோப்பை, புகழ் என்று எல்லாவற்றிலும் ஒரே முழக்கம். அவற்றை நம்பி வந்தவர்களில் பலர் தொடர்ந்து பத்து ஆட்டங்கள் தோற்றதும் போய்விட்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? பந்தியில் பாயசம் என்று சொல்லி அழைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்? ஆகவே நான் இப்படி எழுதினேன்:

"இந்த அணி கடைசி இடத்தில் இருக்கிறது. இன்னும் இரண்டு பருவங்கள் அங்கேயே இருக்கக்கூடும். அடுத்த தேர்வில் முதல் உரிமை உங்களுக்கு. நாங்கள் உங்களிடம் கேட்பது வாரத்தில் மூன்று முறை, கால் மணி நேரம். வர இயலாத வாரத்தில் முன்கூட்டியே ஒரு வரி. விலக நேர்ந்தால் சொல்லிவிட்டு விலகுங்கள். பேஸ்பால் தெரியாவிட்டால் கற்றுத் தருகிறோம்."

இதைப் படித்த பழைய உறுப்பினர் ஒருவர், "தம்பி, கடையைத் திறக்கும்போதே 'சரக்கு மட்டம்' என்று பலகை மாட்டுகிறாயே!" என்ற பொருளில் எழுதினார். தலைவரோ ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

இதற்கிடையே வேறொரு செய்தி என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது. எங்கள் பட்டியலில் ஜாஷ் கிப்சனின் பெயர் இல்லை. அவர் கறுப்பினத்தவர், பந்தை அடிப்பதில் நிகரற்றவர் என்று போற்றப்பட்டவர். நிறவெறியால் மேஜர் லீக்கில் அவரை ஆடவிடவில்லை. கறுப்பர் லீக்கில் ஆடினார். 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். அதற்கு மூன்று மாதங்களுக்குள், ஏப்ரல் 15ஆம் நாள், ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களம் இறங்கி அந்தத் தடையை உடைத்தார். காலம் செய்த கொடுமையை என்னென்பது!

1920 முதல் 1948 வரை நடந்த ஏழு கறுப்பர் லீக்குகளை மேஜர் லீக் தரத்தின என்று 2020 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகமே ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதத்தில் அவற்றின் கணக்குகளையும் தன் ஏட்டில் சேர்த்தது. அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபின் வாழ்நாள் சராசரி 0.367, கிப்சனுடையது 0.372. இறந்து 77 ஆண்டுகளுக்குப் பிறகு கிப்சன் முதலிடம் பெற்றார். எங்கள் லீக்கின் பட்டியலோ பழைய ஏட்டிலிருந்து எடுத்தது.

"கிப்சன் ஏன் இல்லை?" என்று நான் கேட்டேன். யாரும் சினம் கொள்ளவில்லை. தொடக்கத்திலிருந்தே அப்படித்தான், யாரும் கேட்டதில்லை என்றார்கள். ஆனால் விவாதம் மூண்டது. "அந்த லீக்குகளின் பருவங்கள் குறுகியவை, கணக்குகளும் முழுமையாகக் கிடைக்கவில்லை. அவரைச் சேர்ப்பது கற்பனையாகிவிடாதா?" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். நான் எழுதினேன்: "டெட் வில்லியம்ஸ் பிரவுன்ஸ் அணியில் ஆடுவதும் கற்பனைதானே? நமக்கு இனிக்கின்ற கற்பனையை ஏற்றுக்கொண்டு, நீதியான கற்பனையை மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?" வாக்கெடுப்பு நடந்தது. சிறு வேறுபாட்டில் தீர்மானம் நிறைவேறியது. 1940ஆம் ஆண்டுத் தேர்வுப் பட்டியலில் கறுப்பர் லீக் வீரர்கள் இடம்பெற்றார்கள்.

அந்தத் தேர்வில் முதல் உரிமை எனக்கில்லை. ஒரு படி ஏறிவிட்டேன் அல்லவா! கடைசியில் நின்ற பிலடெல்பியாவுக்கே அது உரியது. தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் கடிதத்துக்குப் பதில் வந்தது. எழுதியவர் பென்சில்வேனியாவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கணினிப் பழக்கம் அதிகமில்லை என்றும், கடைசி இடத்தைப் பற்றிக் கவலை இல்லை என்றும், தம் வகுப்பில் கடைசிப் பெஞ்சுக்காரர்களோடுதான் தமக்கு என்றும் நட்பு என்றும் எழுதியிருந்தார். அவர் தேர்ந்தெடுத்த முதல் பெயர் ஜாஷ் கிப்சன். "பிட்ஸ்பர்கில் என் தந்தையார் இவர் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்" என்று ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்திருந்தார். இன்றுவரை ஒரு வாரம்கூட அவர் வரிசை அனுப்பத் தவறியதில்லை. கிப்சனால் அவர் என் பிரவுன்ஸை எத்தனை முறை தோற்கடித்திருக்கிறார் என்பதை மட்டும் கேட்காதீர்கள்!

வெற்றி பெறும் அணிக்கு ஆள் தேட வேண்டியதில்லை. அதற்கு வரிசையில் நிற்பார்கள். தோற்கும் அணியை மனமுவந்து ஏற்பவர்கள்தாம் ஓர் அமைப்பை வாழவைக்கிறார்கள். அவர்கள் வரும்போது, பழகிப்போனவர்கள் கேட்க மறந்த கேள்விகளும் கூடவே வருகின்றன. நம் கல்லூரியின் மன்றங்களை எண்ணிப் பாருங்கள். விழா மேடைக்கு ஆள் கிடைக்கிறது. நாற்காலி தூக்கவும் கையெழுத்து ஏட்டை மாதந்தோறும் ஒட்டவும் யாரைத் தேடுகிறோம்?

எங்கள் லீக் இப்போது 1942இல் நிற்கிறது. போருக்குச் சென்றவர்கள் வரலாற்றில் எப்படியோ அப்படியே களத்திலும் இருக்கமாட்டார்கள் என்பது எங்கள் விதி. வில்லியம்ஸ் விமானிப் பயிற்சிக்குப் போய்விடுவார். 1943, 1944, 1945 ஆகிய மூன்று பருவங்களிலும் அவர் எனக்கில்லை. நானும் இந்தக் கல்லூரியை விட்டுப் போய்விடுவேன். வேலை தேடும் காலம் வந்துவிடும். இனித்தான் நான் உண்மையில் உரிமையாளனா என்பது தெரியும். ஒரு சிறு நம்பிக்கையும் உண்டு. உண்மைப் பிரவுன்ஸ் தன் வாழ்நாளில் அமெரிக்கன் லீக் பட்டத்தை வென்றது ஒரே ஒரு முறை. அது, மற்ற அணிகளின் நட்சத்திரங்களும் போருக்குப் போயிருந்த 1944இல்தான்!

இறுதியாக ஒரு விண்ணப்பம். எங்கள் லீக்கில் இன்னும் ஓர் அணி காலியாக இருக்கிறது. பேஸ்பால் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாணவர்களும் வரலாம், பேராசிரியப் பெருமக்களும் வரலாம். விருப்பமுள்ளோர் என்னை விடுதியில் காணலாம். அணி கடைசி இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.