வாசலும் நிலையமும்

பொருள் மனிதனைத் தேடி வருவது ஒரு வழி. மனிதன் பொருளைத் தேடிச் செல்வது மற்றொரு வழி. தயிர்க்காரியும் கீரைக்காரியும் வளையல் செட்டியாரும் முதல் வழியில் வந்தவர்கள். சந்தையும் கடைத்தெருவும் இரண்டாம் வழியில் அமைந்தவை. இன்றோ, கைபேசியைத் தொட்ட மூன்றாம் நாளில் பொருள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. முதல் வழியே முழுவெற்றி பெற்றுவிட்டது என்று இளைஞர்கள் எண்ணுகின்றனர். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்போன்றோர் அவ்வாறு எண்ணிவிடலாகாது என்பது என் கருத்து. அதற்குரிய காரணத்தை எனக்குக் கற்றுத் தந்தது தம்பானூர்.

தம்பானூரை அறியாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் இராது. சாலையின் ஒரு புறம் ரயில் நிலையம். மறுபுறம் அரசுப் பேருந்து நிலையம். கொல்லத்திலிருந்து வந்த ரயில் பாதை சாக்கையோடு நின்றிருந்த காலம் ஒன்று உண்டு. 1931ஆம் ஆண்டில் அது தம்பானூர் வரை நீட்டிக்கப்பட்டது. பெட்டியும் படுக்கையுமாக நம்மில் பலர் வந்து இறங்கிய இடம் இதுவே. நமக்குப் பின்னால் நம் ஊர்ப் புளியும் கருப்பட்டியும் வந்து இறங்கிய இடமும் இதுவே.

நான் நாகர்கோவிலைச் சேர்ந்தவன். 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊருக்குத் திருவனந்தபுரமே தலைநகர். எல்லை பிரிந்தபின், ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்நகர் எங்களுக்கு வெளிமாநிலம் ஆயிற்று. 1979 ஏப்ரலில் இங்கிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு மறு ஆண்டில் நான் வேலையின் பொருட்டு இங்கு வந்தேன். நான்கு ஆண்டுகளில் ஐந்து அறைகள் மாறினேன். கரமனையில் ஓர் அறை, சாலைக் கடைத்தெருவில் ஒரு மாடி, தைக்காட்டில் ஒரு பின்கட்டு என்று என் முகவரி நகர்ந்துகொண்டே இருந்தது.

இந்நகரில் வீட்டைக் கண்டுபிடிப்பதும் எளிய செயலன்று. மாநகராட்சி தந்த டி.சி. எண் ஒன்று, குடியிருப்போர் சங்கம் தந்த எண் மற்றொன்று. இரண்டையும் எழுதியபின், 'கோயிலுக்குப் பின்புறம், கிணற்றை அடுத்த மூன்றாம் வீடு' என்றும் எழுதினால்தான் ஆள் வந்து சேர்வார். என் தந்தையார் இத்தொல்லைக்கெல்லாம் ஒரே வழி கண்டார். பொருள்களைச் சாக்கில் இட்டுத் தைத்து, அதன்மேல் மையால் என் பெயரையும் 'டி.வி.சி.' என்னும் நிலையக் குறியையும் எழுதி, ரயிலில் போட்டுவிடுவார். ரயில்வே ரசீது தபாலில் என் அலுவலகத்திற்கு வரும். அதைக் காட்டிப் பார்சல் ஆபீஸில் நான் பெற்றுக்கொள்ள வேண்டும். "வீடு மாறும் மக்கா, ஸ்டேஷன் மாறாதுல்லா?" என்பார். 1991இல் ஊரின் பெயரே ஆங்கில எழுத்தில் மாறியது. அந்த மூன்று எழுத்துக் குறியோ மாறவில்லை. அவர் சொன்னது எத்துணைப் பொருத்தம் என்று பின்னாளில் வியந்திருக்கிறேன்.

குறித்த நேரத்திற்குள் எடுக்காவிட்டால் டெமரேஜ் கட்ட வேண்டும். ஆகவே மாலையில் அலுவலகம் விட்டதும் ஓடுவேன். அங்கு என்னைப் போலவே ரசீதும் கையுமாகப் பலர் நிற்பர். திருநெல்வேலி மூட்டைக்குக் காத்திருப்பவர் ஒருவர். மதுரைத் துணிக்கட்டுக்கு வந்தவர் ஒருவர். மூட்டை வரத் தாமதமாகும், பேச்சு வளரும். எந்த மெஸ்ஸில் நம் ஊர்ச் சாம்பார் கிடைக்கும், எந்தப் பள்ளியில் பிள்ளைகள் தமிழ் படிக்கலாம், எங்கு வாடகை குறைவு என்பனவற்றை எல்லாம் நான் அறிந்தது அவ்வரிசையில்தான். தமிழ்ச் சங்கத்தின் பெயரை முதன்முதலில் கேட்டதும் அங்கேதான். முந்திரிக்கொத்தை வாங்கச் சென்றவன் உறவுகளையும் சேர்த்துச் சுமந்து திரும்பினேன்.

வாசலுக்குப் பொருள் வருவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. வாசல் ஒன்று வேண்டும்; அதன் முகவரி நிலைத்திருக்க வேண்டும்; பகல் வேளையில் அதைத் திறக்க ஓர் ஆள் வேண்டும். சொந்த வீட்டில் கூட்டுக் குடும்பமாக வாழ்வோர்க்கு இவை பெரியவையல்ல. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீட்டிற்கும், விடுதியில் தங்கும் மாணவிக்கும், இரவுப் பணி முடிந்து பகலில் உறங்கும் செவிலிக்கும் இவை எட்டாதவை.

இவ்வுண்மை அண்மையில் என் வீட்டிலேயே விளங்கிற்று. என் தாயார் மறைந்தபின், அவர் அரிசி அளந்த பித்தளை நாழியை என் தங்கை எனக்கு ஒரு கூரியரில் அனுப்பினாள். பேரனைப் பார்த்துக்கொள்ள நாங்கள் பகலில் மகள் வீட்டிற்குச் சென்றுவிடுவோம். இரு முறை ஆள் வந்து பார்த்தாராம், வீடு பூட்டியிருந்ததாம். நாழி நாகர்கோவிலுக்கே திரும்பிவிட்டது. விலை சொல்ல இயலாத அப்பொருள் வழியில் எங்கேனும் தவறியிருந்தால் யாரிடம் சென்று கேட்பது? தங்கை மறுமுறை அதை அரசுப் பேருந்தில் அனுப்பினாள். கைபேசியில் செய்தி வந்தது. எனக்கு வசதியான நேரத்தில் தம்பானூருக்குச் சென்று, அடையாள அட்டையைக் காட்டி, என் கையாலேயே அதைப் பெற்றுக்கொண்டேன்.

கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் இக்கூரியர் சேவையைத் தொடங்கியது 2023 ஜூன் 15 அன்று. தொடக்க விழா நடந்ததும் தம்பானூரில்தான். முதற்கட்டத்தில் 55 பணிமனைகள் இணைக்கப்பட்டன. எல்லைக்கு அப்பால் நாகர்கோவில், கோயம்புத்தூர் முதலிய ஊர்களும் அவற்றுள் அடங்கும். ஒரு கவுண்டரில் கொடுத்ததை மற்றொரு கவுண்டரில் 16 மணி நேரத்திற்குள் பெறலாம் என்பதே அன்றைய அறிவிப்பு. அதற்கு முந்திய ஆண்டான 2022இல் தமிழ்நாட்டின் அரசு விரைவுப் பேருந்துகளும் பார்சல் ஏற்கத் தொடங்கியிருந்தன.

இதன் சிக்கனம் எளிதில் விளங்கக் கூடியது. பேருந்து எப்படியும் ஓடத்தான் போகிறது. பார்சலுக்காகத் தனி வண்டி வேண்டா. நெடுந்தொலைவைப் பொருள் மலிவாகக் கடந்துவிடுகிறது. நிலையத்திலிருந்து ஒவ்வொரு வாசலுக்கும் பிரிந்து செல்லும் கடைசித் தொலைவே செலவு மிக்கது. பூட்டிய வீட்டிற்கு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் செல்வதால் அச்செலவு மேலும் பெருகுகிறது. மொத்தமும் ஏதோ ஒரு வடிவில் பொருளின் விலையில் ஏறுகிறது. வளம் மிக்க நாடுகளும் இதை உணர்ந்துள்ளன. ஜெர்மனியில் 2001 முதல், வேண்டிய நேரத்தில் சென்று பொருளை எடுத்துக்கொள்ளும் பார்சல் பெட்டகங்களை நிறுவினர். போலந்தில் 2009 முதல் அவ்வழக்கம் பரவிற்று.

இவ்வழியில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கனமழை பெய்தால் தம்பானூர்ச் சாலை குளமாகிவிடும் என்பதை நாம் அறிவோம். முதியவரும் நோயாளியும் கைக்குழந்தை வைத்திருக்கும் தாயும் ஒரு பொட்டலத்திற்காக ஆட்டோ பிடித்து அங்கு வருவது கொடுமை. மருந்து நோயாளியின் வாசலுக்கு வருவதே அறம். வெயிலிலும் மழையிலும் பை சுமந்து மாடியேறும் இளைஞரின் உழைப்பை நான் மதிக்கிறேன். நான் வேண்டுவது ஒன்றே: வாசலா, நிலையமா என்று தேரும் உரிமை பெறுபவரிடம் இருக்க வேண்டும். வந்து எடுத்துக்கொள்பவருக்குக் கட்டணமும் குறைய வேண்டும்.

நம் சங்கத்திற்கும் இதில் ஒரு பணி உண்டு. ஆண்டுதோறும் புதிய மாணவரும் செவிலியரும் பணியாளரும் இந்நகருக்கு வருகின்றனர். முதல் சில திங்கள் அவர்களுக்கு நிலையான முகவரி இராது. சங்க அலுவலகத்தில் பூட்டுடன் ஓர் அலமாரியும் ஒரு பதிவேடும் வைத்து, அவர்கள் பெயருக்கு வரும் பார்சல்களை மாலையில் வந்து பெற்றுக்கொள்ளச் செய்யலாம். செலவு சிறிது, பயன் பெரிது. தாய் அனுப்பிய பொருளை வாங்க வரும் பிள்ளையிடம் 'எந்த ஊர் தம்பி?' என்று கேட்க அங்கு ஒருவர் இருந்தால், அப்பிள்ளைக்கு அன்றே இந்நகரில் ஒரு முகவரி கிடைத்துவிடும்.