பேரீச்சை மரச் சாலையில் ஒரு பீப்பாய் வீடு

“அப்பா, ஒரு வைன் ஆலையைப் போய்ப் பார்த்துட்டு வருவோமா?” என்று மகள் கேட்டபோது நான் உடனே பதில் சொல்லவில்லை. குருபோங்கில் எங்கள் தாமானில் என்னைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். கல்யாண விருந்தில்கூட போத்தல் இருக்கும் மேசைப் பக்கம் போகாதவன் நான்.

பிறந்தது மலாக்காவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், 1962இல். சம்பள நாளன்று அம்மா எங்களைக் கள்ளுக்கடைக்கு விரட்டுவார், அப்பாவின் சட்டைப்பையில் மிச்சம் இருப்பதையாவது வாங்கி வரச் சொல்லி. சில மாதம் மிச்சம் இருக்கும். அப்பாவுக்குக் கள்ளு போதாமல் சம்சு பழகி, நாற்பத்து நான்கு வயதில் போய்ச் சேர்ந்தார். எட்டுக்கு அன்று அம்மா என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினார்.

இருந்தாலும் கிளம்பினேன். மகளும் மருமகனும் அடிலெய்டில் வேலை செய்கிறார்கள். வந்த இடத்தில் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கும் சங்கடம்.

அடிலெய்டிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர், பரோசா பள்ளத்தாக்கு. மார்ச் மாதம், திராட்சை அறுவடை முடியும் நேரம். கொடிகள் இடுப்பு உயரத்தில் வரிசை வரிசையாக நிற்கின்றன. செப்பல்ட்ஸ்ஃபீல்ட் சாலையில் திரும்பியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபுறமும் செம்பனை! நம் ஊர்த் தோட்டப் பாதைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். கிட்டப் போனால் செம்பனை இல்லை, கேனரித் தீவுப் பேரீச்சை. 2,000 மரங்களுக்கு மேல் இருக்கின்றன.

அந்த மரங்கள் அங்கே வந்த கதையைக் கேட்கத்தான் நான் அந்த ஊருக்குப் போயிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. 1930களில் உலகம் முழுக்கப் பொருளாதாரம் சரிந்தபோது வைன் வாங்க ஆளில்லை. ஆலையை நடத்திய செப்பல்ட் குடும்பம் ஆட்களை நிறுத்தவில்லை. சாப்பாடு போட்டு, சாலை நெடுகப் பேரீச்சை நடச் சொன்னது.

அதே ஆண்டுகளில் மலாயாவில் என்ன நடந்தது? ரப்பர் விலை விழுந்ததும் பல்லாயிரம் தமிழர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். என் தாத்தாவின் தம்பி அப்படிப் போனவர். இரண்டு கடிதம் வந்ததாம், அப்புறம் ஒன்றுமில்லை. செப்பல்ட் முதலாளிகளைத் தூக்கி வைத்துப் பேச நான் வரவில்லை. சோற்றுக்கு வேலை வாங்குவது நம் பாட்டன்மாருக்கும் பழகிய கதைதான். ஆனாலும் ‘போ’ என்று சொல்லவில்லையே.

இந்தக் குடும்பமும் பிழைக்க வந்த குடும்பம்தான். பிரஷியாவின் சிலேசியா பகுதியிலிருந்து வந்த ஜோசப் செப்பல்ட் 1851இல் இங்கே நிலம் வாங்கினார். புகையிலை போட நினைத்தார், மண் ஒத்துவரவில்லை, திராட்சைக்கு மாறினார். மகன் பென்னோ கெட்டிக்காரர். 1888இல் குன்றுச் சரிவில் படிப்படியாக ஓர் ஆலை கட்டினார். மேல்படியில் பழத்தைக் கொட்டினால் சாறு தானாகவே கீழ்ப்படிக்கு இறங்கும், பம்பு வேண்டாம். அது இன்றும் ஓடுகிறது. எதிர்க் குன்றில் கிரேக்கக் கோயில் போல 1927இல் எழுப்பிய குடும்பக் கல்லறை இருக்கிறது. ஆனால் ஆலை இன்று அவர்கள் கையில் இல்லை. 1980களில் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போய், பிறகும் கைமாறியது. தோட்டம் விற்கப்பட்ட செய்தியை லயத்து வாசலில் நின்று கேட்டவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இருக்காது.

பீப்பாய் வீட்டுக்குள் போனோம். சுற்றிக் காட்ட ஒரு பெண் வந்தார். உள்ளே அரையிருட்டு. பழைய மரமும் காய்ந்த திராட்சையும் கலந்த வாசனை. 1878இல் பென்னோ தன் நல்ல வைனில் ஒரு 500 லிட்டர் பீப்பாயை ஒதுக்கி, நூறு ஆண்டுக்கு யாரும் தொடக்கூடாது என்றார். குடிக்கத் தான் இருக்கப்போவதில்லை என்று தெரிந்தே வைத்தார். 1931இல் இறந்தும் போனார். முதல் பீப்பாயை 1978இல்தான் திறந்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஓர் ஆண்டுகூட விடாமல் புதுப் பீப்பாய் வைத்து வருகிறார்கள்.

இது சாதாரண வைன் இல்லை. புளித்துக்கொண்டிருக்கும்போதே சாராயம் சேர்த்து நொதிப்பை நிறுத்திவிடுவார்கள். அதனால் இனிப்பு தங்கிவிடும். மரத்தின் வழியே ஆண்டுதோறும் கொஞ்சம் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். நூறு ஆண்டில் பெரும்பகுதி காற்றோடு போய், மிச்சம் பாகு போலக் கெட்டியாகிவிடும்.

காலையில் இறக்கினால் மாலைக்குள் கடுக்கும் தென்னங்கள்ளைத்தான் எனக்குத் தெரியும். அன்றே விற்றாக வேண்டும், அன்றே குடித்தாக வேண்டும். கடையோ தோட்டத்துக்குள்ளேயே, உரிமத்தோடு. கொடுத்த கூலி அங்கேயே திரும்பியது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடச் சொல்லியும் கேட்டார்கள். என் அம்மாவுக்கு அந்த வரலாறு தெரியாது. கோரிக்கை மட்டும் அதேதான்.

பிறந்த ஆண்டு வைனைப் பீப்பாயிலிருந்தே எடுத்துச் சுவைக்கத் தருவது இங்கே பேர்போனது. முன்பதிவு வேண்டும், கட்டணமும் குறைவில்லை. மகள் எனக்குச் சொல்லாமலே கட்டியிருந்தாள். கண்ணாடிக் குழாயை விட்டு, 1962 என்று எழுதிய பீப்பாயிலிருந்து ஒரு விரற்கடை எடுத்தார் அந்தப் பெண். பக்கத்தில் ஒரு சிறு வாளி. சுவைத்துவிட்டுத் துப்ப நினைப்பவர்களுக்காம். எங்கள் கள்ளுக்கடையில் துப்பியவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

கோப்பையை வாங்கினேன். முகர்ந்து பார்த்தேன். அப்பா லயத்தில் படுத்திருந்த அறையின் வாடை வரும் என்று பயந்தேன். வரவில்லை. வறுத்த காப்பிக்கொட்டையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்தாற்போல் ஒரு மணம். என்னுடைய வயது முழுக்க அந்த இருட்டில் சும்மா கிடந்து இப்படி ஆகியிருக்கிறது.

“வேணாம்னா விட்டுடுங்கப்பா” என்றாள் மகள்.

அவளிடம் கொடுத்தேன். நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். “பாட்டி காய்ச்சுற சீனிப்பாகு மாதிரி இருக்குப்பா. கடைசியில அடிபிடிக்குமே, அது.” அந்தப் பெண்ணுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர் குறித்துக்கொண்டார்.

வண்டி ஓட்ட வேண்டிய மருமகன் ஒரு சொட்டும் தொடாமல் வெளியே காத்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் மரத்தடியில் நின்றோம். கேனரித் தீவுகளில் ஒன்றான லா கொமேராவில் இதே மரத்தின் உச்சியைச் சீவி, பதநீர் இறக்கிக் காய்ச்சுகிறார்கள் என்று எங்கோ படித்த ஞாபகம். அண்ணாந்து பார்த்தேன். சீவிய தழும்பு எதுவும் இல்லை. கீழே உதிர்ந்து கிடந்த பழம் ஒன்றைத் துடைத்து வாயில் போட்டேன். எல்லாம் கொட்டைதான். மேலே தோல் கனத்துக்குக் கொஞ்சம் சதை, கொஞ்சம் இனிப்பு.